டிசம்பரில் பட்டம் முடிக்காதீர்கள்

2018 டிசம்பர் 7, வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றரை மணிக்கு என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்தது. நான்கு பேராசிரியர்கள் எழுந்து கைகொடுத்தார்கள், ஒருவர் கேக்கூட வாங்கி வைத்திருந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அறைக்கு வந்ததும் ராயபுரத்துக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே நடுராத்திரி தாண்டிவிட்டது, அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தார். "இனிமே உன்ன டாக்டர்னுதான் கூப்பிடணுமா பாப்பா?" என்று சிரித்தார். பின்னாலிருந்து அப்பா, "அது சரி, வேலை எப்போ?" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆறரை வருடப் படிப்பு முடிந்த நாளில் கேட்கிற கேள்வியா இது என்று தோன்றியது. ஆனால் என்னைச் சுற்றியிருந்த அத்தனை பேரிலும் கேட்க வேண்டியதைக் கேட்டவர், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அப்பா ஒருவர்தான். அந்தத் தேர்வை ஐந்து மாதம் தள்ளி மே மாதத்தில் வைத்திருந்தால் எனக்கு வேலை இருந்திருக்கும். அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நான் எதைப் படிக்கப் போனேன் என்று சொல்லாவிட்டால் மீதி புரியாது.

சென்னையில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கும்போது எங்களுக்கு அமெரிக்க இலக்கியத் தாள் எமர்சனில் தொடங்கி விட்மன், டிக்கின்சன், ஃப்ராஸ்ட் என்று போகும். அதற்கு முன்னால் அமெரிக்காவில் யாருமே எழுதவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் மேடம் ஒருவர் இளம் வயதில் ஹைதராபாத்தில் இருந்த அமெரிக்க ஆய்வு மையத்தில் மாதக்கணக்கில் தங்கிப் படித்தவர். அங்கிருந்து எடுத்துவந்த, மங்கிப்போன ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்தார். ஃபிலிஸ் வீட்லி எழுதிய எட்டே வரிக் கவிதை. ஆப்பிரிக்காவிலிருந்து ஏழெட்டு வயதில் பிடித்துவரப்பட்டு, 1761இல் பாஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்ட பெண். ஏறி வந்த கப்பலின் பெயரையே அவருக்கு வைத்தார்கள். வாங்கிய குடும்பத்தின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அந்தக் கவிதையின் ஏழாவது வரியில் கிறித்தவர்கள் என்ற சொல்லும் நீக்ரோக்கள் என்ற சொல்லும் காற்புள்ளி போட்டுப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கிறித்தவர்களே, நீக்ரோக்களும் கரை சேரலாம் என்று வெள்ளையருக்குச் சொல்கிறாரா, கிறித்தவர், நீக்ரோ இரண்டு தரப்புமே கறை படிந்தவர்கள்தான் என்கிறாரா என்பதை அந்தக் காற்புள்ளியை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பத்தொன்பது வயதுகூட ஆகாத ஓர் அடிமைப்பெண் ஒரு காற்புள்ளியில் இதைச் செய்திருக்கிறாரே என்று அன்றைக்கு ஆடிப்போனேன். நான் அமெரிக்கா போனதற்கு அந்தக் காற்புள்ளிதான் காரணம். வேறு எதையும் விசாரிக்கவில்லை, அதுதான் கோளாறு.

வீட்லியின் புத்தகம் 1773இல் லண்டனில் வந்தது. திறந்தவுடன் அவர் படம். மேசையில் தாளும் மைக்கூடும், கையில் இறகுப் பேனா, கன்னத்தில் விரல். படத்தைச் சுற்றியுள்ள முட்டை வடிவச் சட்டத்துக்குள் ‘பாஸ்டன் ஜான் வீட்லியின் நீக்ரோ வேலைக்காரி’ என்று அச்சிட்டிருக்கும். அடுத்து ஒரு சான்றிதழ். இந்தக் கவிதைகளை இந்தப் பெண்தான் எழுதினார், தகுந்தவர்கள் சோதித்துவிட்டார்கள் என்று பாஸ்டன் பெரிய மனிதர்கள் 18 பேர் பெயர் போட்டிருப்பார்கள். ஆளுநர் ஹட்சின்சனும் அதில் உண்டு, பிற்பாடு சுதந்திரப் பிரகடனத்தில் முதல் கையெழுத்துப் போட்ட ஜான் ஹான்காக்கும் உண்டு. அவ்வளவு பேர் சொல்லியும் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சன் தன் வர்ஜீனியா நூலில் மதம் இவரை உருவாக்கியிருக்கலாம், கவிஞராக்க முடியவில்லை என்று எழுதினார், பெயரைக்கூடத் தப்பாக. கறுப்பரும் பூர்வகுடியினரும் எழுதிய பழைய அமெரிக்கப் புத்தகங்களில் இப்படி அடுத்தவர் சான்றிதழ் எதற்காக ஒட்டப்படுகிறது, அது வாசிப்பை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆய்வு. ஃபிலிஸ் வீட்லி, சாம்சன் ஆக்கம், வென்ச்சர் ஸ்மித், வில்லியம் ஏப்பஸ் என்று நான்கு அத்தியாயங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதத்துக்காகக் கைகட்டி நின்றபோது என் தலைப்பு என்னையே கேலி செய்வதுபோல் இருக்கும். அடிமையாக விற்கப்பட்டவரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்வது அபத்தம் என்று தெரியும். ஆனாலும் தோன்றும்.

2012 ஆகஸ்டில், நடுமேற்கு மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். சேர்க்கைக் கடிதத்தில் கல்விக் கட்டண விலக்கு, வருடம் 16,800 டாலர் உதவித்தொகை என்று இருந்தது. அப்போது டாலர் 55 ரூபாய். பெருக்கிப் பார்த்து ஒன்பது லட்சத்துக்கு மேல் என்று வீட்டில் எல்லோருக்கும் வாயடைத்துப்போனது. அது ஒன்பது மாதச் சம்பளம், கோடைக்கு ஒரு காசும் கிடையாது என்பது முதல் மே மாதம்தான் தெரிந்தது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வெளியே போய் வேலை செய்யவும் முடியாது. செமஸ்டருக்கு ஐந்நூறு டாலர்வரை ‘கட்டணம்’ என்ற பெயரில் தனியாகப் பிடித்தார்கள், அது கட்டண விலக்கில் வராதாம். முதல் இரண்டு கோடையும் அண்ணன் பணம் அனுப்பித்தான் வாடகை கட்டினேன். மொத்தம் 3,100 டாலர், அவன் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. ஆகவே இலக்கியத்துக்குப் போகிறவர்கள் சேர்க்கை வந்ததும் மகிழ்ச்சியில் கையெழுத்துப் போடாமல் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். உதவித்தொகை எத்தனை மாதத்துக்கு, எத்தனை வருடத்துக்கு? கட்டண விலக்குக்குள் எது வராது? கோடையில் மூத்த மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? கடைசிப் பத்து வருடத்தில் இந்தப் பிரிவில் பட்டம் வாங்கியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். மழுப்பலான பதில் வந்தால், அதுவும் பதில்தான். என் துறையில் சேர்ந்த பிறகு விசாரித்தபோது, எனக்கு முந்தைய எட்டு வருடத்தில் பழைய அமெரிக்க இலக்கியத்தில் முடித்த ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. அவர் இன்னும் பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்.

இந்தத் துறையின் சுகம் ஆவணக் காப்பகங்களில் இருக்கிறது. பணத்தைக் கரைப்பதும் அவைதான். மாசசூசெட்ஸில் வூஸ்டர் என்ற ஊரில் 1812இல் ஐசையா தாமஸ் என்ற அச்சுக்காரர் தொடங்கிய தொல்பொருள் கழகம் இருக்கிறது. பெயர்தான் அப்படி, உள்ளே பெரும்பாலும் அச்சுப் பிரதிகள். 1876 வரையிலான அமெரிக்க அச்சில் பெரும்பகுதி அங்கே கிடைக்கும். வாசிப்பறைக்குள் பேனா கூடாது, பென்சில் மட்டும். புத்தகத்தைப் பஞ்சு மெத்தைத் தாங்கியில் படுக்கவைத்து, பக்கம் புரளாமல் இருக்க மணிகள் கோத்த ஒரு துணிக்கயிற்றை மேலே போடுவார்கள். முதல்நாள் அதைப் பார்த்தபோது கைக்குழந்தையின் இடுப்பில் அரைஞாண் கட்டிவிட்டதுபோல் இருந்தது. வீட்லி தன் தோழி ஓபர் டானருக்கு எழுதிய கடிதங்கள் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. அடிமையாக இருந்த ஒரு பெண் அடிமையாக இருந்த இன்னொரு பெண்ணுக்கு எழுதிய கடிதங்கள், யாருடைய சான்றிதழும் இல்லாமல். அந்தக் கையெழுத்தைப் பார்த்த நாளை மறக்க மாட்டேன். அந்தப் பயணத்துக்கு என் பல்கலைக்கழகம் 1,500 டாலர் நல்கை கொடுத்தது. கொடுத்தது என்றால் கையில் அல்ல. நாமே செலவு செய்து, ஒவ்வொரு ரசீதையும் ஒட்டி அனுப்பினால் பிறகு வரும். ஒன்றரை வருடமே ஆன என் கடன் அட்டையின் வரம்பு 800 டாலர். மீதிக்கு ஒரு தோழியிடம் கைமாற்று வாங்கினேன். பணம் திரும்பி வர பதினோரு வாரம் ஆனது. ஒரு ஹோட்டல் ரசீதில் என் பெயர் இல்லை என்று 212 டாலரைக் கழித்துவிட்டார்கள். நல்கைக் கடிதம் வந்தால், முன்பணமாகத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். கேட்டால் பல இடங்களில் தருகிறார்கள், கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லை. இனம், அடையாளம் சார்ந்த ஆய்வுகளுக்கான நல்கைகளில் கணிசமானவை குடியுரிமையோ பச்சை அட்டையோ கேட்கும். அந்த வரி பெரும்பாலும் விளம்பரத்தின் கடைசியில் இருக்கும், முதலில் அங்கே போய்ப் படியுங்கள். மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதி முடித்த பிறகுதான் நான் அந்த வரியைப் பார்த்தேன்.

இன்னொன்று, இது சின்ன விஷயம், ஆனால் எனக்கு ஒரு செமஸ்டர் போனது. பதினெட்டாம் நூற்றாண்டு அச்சில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வருகிற எஸ் எழுத்து நீளமாக, எஃப் மாதிரியே இருக்கும். மின்தரவுத் தளங்களில் கணினி அதை எஃப் என்றே படித்து வைத்திருக்கிறது. ‘ஸ்லேவ்’ என்று தேடினால் பாதிதான் வரும், ‘ஃப்லேவ்’ என்று தேடினால் மீதி வரும். அதேபோல் இன்றைய சொல்லைப் போட்டுத் தேடினால் ஒன்றும் சிக்காது. அந்தக் காலத்தில் தமிழரை மலபார் என்றார்கள், கீழைநாட்டுக் கப்பல் ஆட்களை லாஸ்கர் என்றார்கள், இந்துக்களை ஜென்டூ என்றார்கள். ‘இந்தியர்’ என்று தேடினால் வருவது எல்லாம் பூர்வகுடியினர். ஒருநாள் சாம்சன் ஆக்கம் பற்றி எதையோ தேடும்போது வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியாரின் நாட்குறிப்பு கையில் மாட்டியது. அவர் சேலத்துக்காரர். மாம்பழச் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் துறைமுகச் சேலம். 1790 டிசம்பர் 29 அன்று மெட்ராஸிலிருந்து வந்த ஒரு மனிதரை முதன்முதலாகப் பார்த்ததாக எழுதுகிறார். மிகக் கறுப்பு நிறம், நீண்ட கறுங்கூந்தல், சாந்தமான முகம், உயரம், நல்ல உடல்வாகு. அமெரிக்கப் பூர்வ இந்தியரைவிட மிகக் கறுப்பு என்று ஒப்பிட்டும் பார்க்கிறார். திறமையை எடைபோட வாய்ப்புக் கிடைக்கவில்லை, ஆனால் முகத்தில் உணர்ச்சி எதுவும் தெரியவில்லை என்கிறார். வாசிப்பறையில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். இருநூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் அந்தக் கரையிலிருந்து கிளம்பியவரை, ஒரு பனி ஊரில் ஒருவர் மேலும் கீழும் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

இதை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டுமென்று நெறியாளரிடம் சொன்னேன். நல்ல பெண்மணி, என் எழுத்தை வரி வரியாகத் திருத்தியவர். "அது உன் சொந்தக் கதை மாதிரி ஆகிவிடும், வேலை தேடும்போது உதவாது" என்றார். விட்டுவிட்டேன். வேலை தேடும்போது நடந்தது தலைகீழ். நேர்காணல்களில் எல்லாரும் நாசூக்காகக் கேட்டது ஒரே கேள்விதான்: நீங்கள் எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள்? பின்காலனிய இலக்கியம் பக்கம் போகவில்லையா? தெற்காசிய இலக்கியம் ஒரு பாடம் நடத்த முடியுமா? எனக்கு அது அவமானமாகப்பட்டது. வெள்ளைக்கார மாணவர் ஷேக்ஸ்பியரைப் படித்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லையே. முதல் இரண்டு நேர்காணலில் விறைப்பாக, "என் துறை பழைய அமெரிக்க இலக்கியம், அதைத்தான் நடத்துவேன்" என்றேன். அந்த இரண்டு இடத்திலிருந்தும் பதிலே வரவில்லை. இன்றைக்கு யாராவது கேட்டால், கோபத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்பேன். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற மாதிரி பதில் ஒன்றைத் தயாராக வையுங்கள், இரண்டாவது துறை ஒன்றில் பாடத்திட்டமும் எழுதி வையுங்கள். நான்கு பேர் இருக்கும் சின்னத் துறைக்கு மூன்று பாடம் நடத்தும் ஆள்தான் தேவை. அந்த மெட்ராஸ்காரர் கதை என் கையில் இருந்தும் அதைச் சொல்லாமல் விட்டேன் பாருங்கள்.

ஆனால் அந்தக் கேள்வியை வேறொருவர் கேட்டபோது அவமானம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. வேதியியலில் ஆய்வு செய்த ஒரு நண்பர், விழுப்புரம் பக்கத்துச் சேரியிலிருந்து வந்தவர். என் அத்தியாயம் ஒன்றைப் படித்துவிட்டு, "பாஸ்டன்ல யார் யாரை எப்படி நடத்தினாங்கன்னு இவ்ளோ நுணுக்கமா எழுதியிருக்கீங்க. உங்க வீட்ல தனி டம்ளர் இருந்துதா?" என்றார். இருந்தது. பாட்டி இருந்தவரை, பின்கட்டுச் சுவரில், ஆணியில் மாட்டியிருக்கும். அதை அவரிடம் சொன்னேன். அதற்கப்புறம் வீட்லி அத்தியாயத்தின் முன்னுரையை முழுக்க மாற்றி எழுதினேன். டம்ளர் அதில் இல்லை. ஆனால் எல்லாம் தெரிந்தவள்போல் எழுதியிருந்த வாக்கியங்கள் போய்விட்டன.

இனி டிசம்பர் கதை. 2018 ஆகஸ்டில் என் நெறியாளர், அடுத்த செமஸ்டர் ஓய்வு விடுப்பில் போகப்போவதாகவும் டிசம்பருக்குள் முடித்துவிட்டால் நல்லது என்றும் சொன்னார். துறையும் உதவித்தொகை டிசம்பரோடு சரி என்றது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டேன், ஒரு பிரச்சினையும் இல்லை என்றார்கள். விதிப்படி பிரச்சினை இல்லைதான். படிப்பு முடிந்ததும் எஃப்-1 மாணவருக்கு 12 மாதம் வேலை செய்ய அனுமதி கிடைக்கும், ஓ.பி.டி. என்பார்கள். அறிவியல், பொறியியல்காரர்களுக்கு மேற்கொண்டு 24 மாதம் உண்டு, இலக்கியத்துக்குக் கிடையாது. படிப்பு முடிந்த 60 நாளுக்குள் அந்த 12 மாதம் தொடங்கியாக வேண்டும். தொடங்கிய பிறகு மொத்தமாக 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் அனுமதி போய்விடும். நான் 410 டாலர் கட்டி விண்ணப்பித்து, எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, பிப்ரவரி நடுவில் தொடங்கும்படி வாங்கினேன். அப்படியென்றால் அடுத்த பிப்ரவரி நடுவில் முடியும். கல்லூரி வேலைகளோ ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுவரில் மாட்டும் காலண்டரில் ஐந்து நிமிடம் பென்சிலால் கோடு போட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் போடவில்லை, மற்றவர்கள் போட்டுப் பார்க்கக் காரணமில்லை, அவர்கள் யாருக்கும் விசாக் கவலை கிடையாது.

இரண்டு வருடத்தில் 61 விண்ணப்பங்கள் அனுப்பினேன். பரிந்துரைக் கடிதங்களை அனுப்பித் தரும் சேவைக்கு மட்டும் சுமார் 380 டாலர். நான்கு வீடியோ நேர்காணல்கள். ஒரே ஒரு இடத்தில் நேரில் அழைத்தார்கள், கிழக்குக் கடற்கரையில் ஒரு சிறிய கல்லூரி. ஒரு வருட ஒப்பந்தம், பழைய அமெரிக்க இலக்கியமும் ஒரு கட்டுரை எழுதும் வகுப்பும். 2019 ஏப்ரலில் தொலைபேசியில் வேலை உங்களுக்குத்தான் என்றார்கள். மூன்று நாள் காற்றில் நடந்தேன். நான்காம் நாள் அவர்கள் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி: உங்கள் வேலை அனுமதி எந்தத் தேதி வரை? பிப்ரவரி நடுவில் முடிகிறது என்றதும், பிறகு பேசுகிறோம் என்றார்கள். அரசு, லாப நோக்கற்ற பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் எச்-1பி வேலை விசாவுக்குக் குலுக்கலில் நிற்கத் தேவையில்லை, வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். நான் அதைத் தேடிப் படித்து அவர்களுக்கு எழுதினேன். ஒரு வருட வேலைக்கு வழக்கறிஞர் செலவு செய்வது எங்கள் வழக்கம் இல்லை என்று நயமாகப் பதில் வந்தது. மே மாதம் முடித்திருந்தால் ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூலை வரை அனுமதி இருந்திருக்கும், அந்த வேலை முழுதாக உள்ளே அடங்கியிருக்கும். அந்த மின்னஞ்சலைப் படித்தது ஒரு சலவைக் கடையில். துணி உலரும் இயந்திரம் நின்றுபோய்ச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது, நான் எழுந்து போய் எடுக்கவில்லை.

இதற்கு நடுவே அந்த 90 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரியில் வகுப்புகள் தொடங்கிவிட்டதால் பகுதிநேர வேலையும் கிடையாது. படித்த துறை சார்ந்த வேலையை வாரம் குறைந்தது 20 மணி நேரம், சம்பளம் இல்லாமல் செய்தாலும் கணக்கில் சேரும் என்று ஒரு சீனியர் அக்கா சொன்னார். அவர் சொல்லியிராவிட்டால் மே மாதமே ஊருக்கு வந்திருப்பேன். உள்ளூர் வரலாற்றுச் சங்கம் ஒன்றில் பழைய குடும்பக் கடிதங்களைப் படியெடுத்தேன், பல மாதம், சும்மா. அவர்களிடமிருந்து நேரக் கணக்கோடு ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டேன், நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வகுப்பு கிடைத்தது, வகுப்புக்கு 2,900 டாலர், காப்பீடு கிடையாது. அரசுக் கல்லூரி என்பதால் எல்லோர் சம்பளமும் பொதுவில் கிடைக்கும். அடுத்த அறையில் அதே பாடத்தை நடத்தியவர் சம்பளத்தை ஒரு ராத்திரி பார்த்துத் தொலைத்தேன். அன்றைக்குச் சாம்சன் ஆக்கத்தைத் திரும்பப் படித்தேன். மொஹீகன் இனத்தைச் சேர்ந்த அந்தப் போதகர் 1768இல் தன் வாழ்க்கையைச் சில பக்கங்களில் எழுதி வைத்தார், அச்சேறியது 1982இல். நான் அதை எப்போதும் அடையாளம், நம்பகத்தன்மை என்றே படித்து வந்தேன். அன்றைக்குத்தான் அது முழுக்க வரவு செலவு என்று கண்ணில் பட்டது. சம்பளம் போதாமல் மரக்கரண்டி செதுக்கினார், துப்பாக்கிக்குக் கட்டை பொருத்தினார், பழைய புத்தகங்களுக்குக் கட்டுப் போட்டார். ஓர் இளம் வெள்ளை மிஷனரிக்கு வருடம் 100 பவுண்டு, அவருடைய மொழிபெயர்ப்பாளருக்கு 50, அறிமுகம் செய்துவைப்பவருக்கு 30, ஆக 180 பவுண்டு ஒரே வருடத்தில். ஆக்கம் ஆசிரியர், போதகர், மொழிபெயர்ப்பாளர் எல்லாமாக இருந்து 12 வருடத்துக்கு வாங்கியதும் அதே 180. கூட்டல் சரியா என்று காகிதத்தில் போட்டே பார்த்தேன். அவர் பிரிட்டனுக்குப் போய்ப் பூர்வகுடிப் பிள்ளைகளின் பள்ளிக்கென்று திரட்டிய சுமார் 12,000 பவுண்டு டார்ட்மத் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்த கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய காகிதங்களை அந்தக் கல்லூரி 2022இல் மொஹீகன் மக்களிடம் திருப்பிக் கொடுத்தது.

இன்னொரு அடி எதிர்பாராதது. பட்டம் வாங்கி நான்காவது மாதம், ஒரு நாள் காலையில் நூலகக் கணக்கு திறக்கவில்லை. என் ஆய்வே அந்தச் சந்தாத் தளங்களை நம்பித்தான் இருந்தது, தனிமனிதர்கள் வாங்கக்கூடிய விலையில் அவை இல்லை. முந்நூறுக்கு மேற்பட்ட பக்கங்களை அப்புறம் இறக்கிக்கொள்ளலாம் என்று குறித்து மட்டும் வைத்திருந்தேன். ஆகவே கணக்கு உயிரோடு இருக்கும்போதே வேண்டியதையெல்லாம் கோப்புப் பெயர், பக்க எண்ணோடு எடுத்து வைத்துவிடுங்கள். பென்ட்லி நாட்குறிப்பு மாதிரி நூறு வருடத்துக்கு முன் அச்சானவை இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே கிடைக்கும், அவற்றுக்காக அவசரப்பட வேண்டாம். முதலில் எடுக்க வேண்டியது செய்தித்தாள்கள்.

2020 பிப்ரவரி தொடக்கத்தில் இரண்டு பெட்டியோடு சென்னைக்கு வந்தேன். அடுத்த மாதம் ஊரடங்கு. இங்கே உதவிப் பேராசிரியர் ஆக நெட், செட் போன்ற தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம் வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் குறிப்பிட்ட உலகத் தரவரிசைகளில் முதல் 500க்குள் வந்த பல்கலைக்கழகமா என்று 2018 யு.ஜி.சி. விதி கேட்கிறது. என் பல்கலைக்கழகம் ஒரு பட்டியலில் உள்ளே, இன்னொன்றில் வெளியே. சேரும்போது இதைப் பற்றிய நினைப்பே எனக்கு இல்லை. திரும்பி வரவே மாட்டோம் என்று நினைப்பவர்களும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கடவுச்சீட்டில் விசா முத்திரையுள்ள பக்கங்கள், ஆய்வேட்டின் பிரதி எல்லாவற்றையும் அங்கிருந்து கிளம்பும் முன்னரே இரண்டிரண்டு படியாக எடுத்து வையுங்கள். நான் மறந்ததைத் தபாலில் வரவழைக்க ஊரடங்கில் ஏழு மாதம் ஆனது. நகரத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் 2021 ஜூலையில் சேர்ந்தேன், மாதம் 32,000 ரூபாய். அண்ணன் கொடுத்தது, ரசீதில் கழிந்தது, விண்ணப்பச் செலவு, கடைசி ஒரு வருடம் சேமிப்பிலிருந்து தின்றது எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்து நாற்பதாயிரம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வருடங்களுக்குப் பக்கத்தில் தொகை போடவில்லை. வருத்தமா என்று அம்மா அவ்வப்போது கேட்பார். சில நாள் ஆமாம், சில நாள் இல்லை என்பேன். வீட்லியின் அந்தக் கடிதங்களை நேரில் பார்த்தேனே.

இங்கேயும் தாள் எமர்சனில்தான் தொடங்குகிறது. பாடத்திட்டத்தைத் தொட முடியாது. முதல் வாரம் ஒரு மணி நேரம் திருடிக்கொண்டு எட்டு வரிக் கவிதையையும் பென்ட்லியின் அந்த ஒரு பத்தியையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். போன வருடம் கடைசி பெஞ்சில் ஒரு பெண், காசிமேட்டிலிருந்து வருபவள், தாளை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்தாள். "மேடம், இதுல எந்தக் கேப்டன்கூட வந்தார்னு போட்டிருக்கு. அவர் பேரு எங்க?" பின்பக்கமும் தேடினாளாம். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை, நான் ஒரு பக்கம்தான் ஜெராக்ஸ் எடுத்திருந்தேன்.